வார்ப்புக்குள் நட்ட முளைகள்: எடுப்பதா, உள்ளேயே விடுவதா?

கேள்வி — 24 மார்ச் 2024, இரவு 9.15

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அன்னதான மண்டபம் கட்டுகிறோம். தூண் நிறுத்திக் கூரையும் போட்டாயிற்று. தரை மட்டும் பாக்கி. அகலம் 9 மீட்டர், நீளம் 18 மீட்டர், கனம் 125 மில்லிமீட்டர். நான்கு புறமும் ஓரப்பலகை அடித்துவிட்டோம். கான்கிரீட்டை இழுத்துச் சமப்படுத்த 9 மீட்டருக்கு மட்டப்பலகை எங்கே கிடைக்கும்? நடுவில் ரப்பர் கட்டை முளைகளை அடித்து, மேலே குழாய் வைத்து இழுத்துவிடலாம், முளை உள்ளேயே கிடக்கட்டும், கான்கிரீட்டுக்குள் போன கட்டை என்ன செய்துவிடும் என்கிறார் குத்தகை எடுத்தவர். ஏப்ரல் 23 சித்ரா பௌர்ணமிக்குப் பந்தி போட வேண்டும். அவர் சொல்வது சரிதானா?

பதில் — 24 மார்ச், இரவு 10.50

சரியில்லை. ஒரு முளைகூட உள்ளே கிடக்கக் கூடாது.

1991இல் நான் தச்சு வேலை பார்த்த தோட்டத்தில் ஆயாக் கொட்டகைக்கு, அதாவது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு, புதுத் தரை போட்டோம். அகலம் அதிகம் என்பதால் நடுவில் பதினொரு முளைகள் அடித்தோம், அதுவும் ரப்பர் கட்டைதான். பத்தைப் பிடுங்கிவிட்டேன். பதினொன்றாவது வரவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது, மண்டோர் (வேலை மேற்பார்ப்பவர்) அவசரப்படுத்தினார். முளையின் தலையைச் சுத்தியலால் தட்டி இறக்கி, மேலே பூசி மூடினேன். அவசரப்படுத்தியது அவர் என்றாலும் மூடியது என் கை.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஆயாம்மா கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைகளின் பால்மாவு டின்களை அடுக்கிய அலமாரி. அதன் பின்பலகையை விரலால் அழுத்திக் காட்டினார்; நமத்துப்போன அப்பளம் போல விரல் உள்ளே போனது. அலமாரியை நகர்த்தினோம். பூச்சு உடைந்து, தரையில் இரண்டு அங்குலச் சதுரத்தில் ஒரு குழி. கட்டை இருந்த இடத்தில் கட்டை இல்லை, ஈர மண் வாசனை மட்டும் வந்தது. அந்தக் குழியிலிருந்து பென்சில் தடிமனில் கரையான் புற்றுக் குழாய் சுவரோரம் ஏறியிருந்தது. நான் மூடிய முளைதான் கரையானுக்கு வழி திறந்துவிட்டிருந்தது.

ஈரக் கான்கிரீட்டில் கட்டை தண்ணீர் குடித்து ஊதும், பிறகு காய்ந்து சுருங்கும். சுருங்கினால் சுற்றிலும் இடைவெளி. போதாததற்கு ரப்பர் மரத்தில் மாவுச்சத்து நிறைய. மருந்து ஏற்றாத ரப்பர் கட்டையை வண்டும் கரையானும் தேடிக்கொண்டு வரும். உங்கள் ஊரில் சுற்றிலும் செம்பனையும் பால்மரமும். கரையானுக்குப் பஞ்சமே இல்லை. குத்தகைக்காரரிடம் இதை அப்படியே சொல்லுங்கள், தம்பி.

25 மார்ச், காலை 7.05

விடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு என்ன பயன்? நேற்று இரவு படுத்த பிறகும் இதுதான் மனத்தில் ஓடியது. வழியைச் சொல்கிறேன்.

9 மீட்டரை மூன்று பாத்திகளாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 3 மீட்டர். 3 மீட்டர் மட்டப்பலகையை இரண்டு பேர் முதுகு ஒடியாமல் இழுக்கலாம். 6 மீட்டர் அலுமினியச் சட்டம் வாங்கி இரண்டே பாத்தியாக முடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். இரு முனையில் தாங்கிய சட்டத்தின் நீளம் இரண்டு மடங்கானால், தன் எடையாலேயே அது தொய்வது பதினாறு மடங்காகிறது. சட்டம் தொய்ந்தால் தரையின் நடுப்பகுதி பள்ளமாகும். தரையைக் கழுவும்போது தண்ணீர் அங்கேதான் நிற்கும்.

பாத்திகளுக்கு நடுவே இரண்டு வரிசை குழாய். சாரம் கட்டும் குழாய் போதும், வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர் சொச்சம், நன்றாக நேராக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். குழாயைத் தாங்க 16 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி. மழமழப்பான உருண்டைக் கம்பியாக இருக்க வேண்டும், கடையில் ஆர் 16 என்று கேளுங்கள். முறுக்கு வரி போட்ட கம்பி வேண்டாம். அந்த வரி கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்வதற்கென்றே போட்டது, பிடித்தால் விடாது.

கம்பிக்குக் கம்பி 1.2 மீட்டர். 18 மீட்டருக்கு 16 கம்பிகள், இரண்டு வரிசைக்கு 32. ஆனால் 32ஐயும் செய்ய வேண்டியதில்லை. பின்னால் பிடுங்கியதை முன்னால் நட்டுக்கொண்டே வந்தால் பதினாறு போதும்.

25 மார்ச், மாலை 6.40

காலையில் எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன்: குழாயின் உயரம்.

பலர் குழாயின் மேல்விளிம்பைத் தரை மட்டத்துக்கே வைப்பார்கள். மட்டப்பலகை அதன் மேல் நேராக ஓடும், சுலபம். ஆனால் குழாயைத் தூக்கினால் 48 மில்லிமீட்டர் வாய்க்கால் ஒன்று கிடக்கும். இரண்டு வரிசைக்கு 36 மீட்டர் வாய்க்கால், அதை நிரப்பவே 66 லிட்டர் கான்கிரீட் வேண்டும். அதற்குள் இருபுறமும் இறுகத் தொடங்கிவிடும். அவசரத்தில் நிரப்பியது பிறகு நாடா ஒட்டியது போலத் தெரியும்.

குழாயைத் தரை மட்டத்துக்கு மேலே நிறுத்துங்கள். குழாயின் அடிவிளிம்பு தரை மட்டத்திலிருந்து 25 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அப்போது மேல்விளிம்பு 73இல் நிற்கும். மட்டப்பலகையின் முனையில் 73 மில்லிமீட்டர் உயரத்தில் இரும்புக் காது ஒன்று பொருத்துங்கள். காது குழாயின் மேல் சவாரி செய்யும், பலகையின் அடி சரியாகத் தரை மட்டத்தில் இழுக்கும். ஓரப் பாத்திகளுக்கு ஒரு முனையில் காது, மறுமுனை ஓரப்பலகையின் மேல். நடுப் பாத்திக்கு இரு முனையிலும் காது. இப்படிச் செய்தால் குழாய் கான்கிரீட்டைத் தொடுவதே இல்லை. பிடுங்க வேண்டியது கம்பி மட்டும், நிரப்ப வேண்டியது விரல் தடிமனில் ஒரு துளை.

குழாயை உட்காரவைக்கும் பிடிக்கு ஒரு யோசனை. கம்பியின் தலையில் மரை போடச் சொல்லுங்கள். அந்த அளவுக் கம்பியின் சாதாரண மரை ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் ஏறும். ஒரு நட்டின் மேல் அரைவட்டப் பிடியைப் பற்றவைத்தால், பிடியை அரைச் சுற்றுத் திருப்பும்போது குழாய் 1 மில்லிமீட்டர் ஏறும் அல்லது இறங்கும். இதைவிட நுணுக்கமாக மட்டம் பார்க்க ஒரு மண்டபத் தரைக்குத் தேவையில்லை. வெல்டிங் கடையில் அரை நாள் வேலை.

27 மார்ச், இரவு 9.30

மண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறோமே, கம்பியை அடித்தால் 32 இடத்தில் கிழியுமே என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. விரிப்பு போட்டிருப்பது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். கம்பியை மண்ணில் அடிக்கும் பேச்சையே விடுங்கள்.

மைலோ டின் இருக்கிறதல்லவா, பெரிய டின்? அதை 75 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். தரைக்குப் போடப்போகும் அதே பலத்தில் சிறு சல்லியோடு கான்கிரீட் கலந்து அதில் ஊற்றுங்கள். நடுவில் எண்ணெய் தடவிய கம்பித் துண்டு ஒன்றை 60 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிறுத்தி, கலவை பிடித்ததும் திருகி எடுத்துவிடுங்கள். நடுவில் குழியுள்ள கல் கிடைக்கும். அந்தக் கல் தரைக்குள்ளேயே இருந்துவிடலாம், அதுவும் கான்கிரீட்தான். கம்பி குழியில் நிற்கும், விரிப்பில் ஓர் ஓட்டையும் விழாது.

இன்றைக்கே ஊற்றத் தொடங்குங்கள், பச்சைக் கல்லில் கம்பி நிற்காது. வார்ப்புக்கு முந்திய நாள் ஒவ்வொரு கல்லையும் ஒரு கைக் கலவையின் மேல் அமர்த்திவிடுங்கள். இல்லையென்றால் கான்கிரீட் தள்ளும்போது கல் பிளாஸ்டிக்கின் மேல் சறுக்கும்.

பி.ஆர்.சி. வலை (பற்றவைத்த இரும்புக் கம்பி வலை) 125 மில்லிமீட்டர் தரையில் மேலிருந்து 45 மில்லிமீட்டரில் இருக்கட்டும். அதாவது கீழிருந்து 80. கல்லின் தலை 75இல் நிற்கிறது, இரண்டும் இடிக்காது. கம்பியை வலையின் கண்ணுக்குள் விடுங்கள். குழாயையோ கம்பியையோ வலையின் மேல் சாய்த்துவைக்க வேண்டாம். வலை கீழே போய் மண்ணோடு படுத்துவிட்டால் அது இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

எண்ணெய் என்றேன். வண்டியில் வடித்த கறுப்பு எண்ணெய் கூடாது. சமையல் செம்பனை எண்ணெயைத் துணியில் நனைத்து மெல்லத் துடைத்தால் போதும். சொட்டச் சொட்டத் தடவினால் துளையின் சுவரில் எண்ணெய் ஒட்டி, பிறகு நிரப்பும் கலவை அங்கே பிடிக்காது.

28 மார்ச், மதியம் 1.20

இன்னொருவர், ஓரப் பாத்திகள் இரண்டையும் முதல் நாள் போட்டு, நடுப் பாத்தியை மறுநாள் போட்டால் உள்ளே முளையே வேண்டாமே என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. நான் ஏன் அதை முதலில் சொல்லவில்லை என்று யோசித்தேன். நீங்கள் முளையைப் பற்றிக் கேட்டீர்கள், நான் முளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.

அந்த முறையில் நடுப் பலகைகளைத் தாங்கும் முளைகள் எல்லாம் காலியான நடுப் பாத்தியில்தான் நிற்கும். கான்கிரீட் அவற்றைத் தொடாது. பிறகு இறுகிய இரண்டு விளிம்புகளின் மேல் மட்டப்பலகையை ஓட்டி நடுப் பாத்தியை முடிக்கலாம். ஆனால் சேரும் விளிம்பில் இணைப்புக் கம்பிகள் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பாத்தி இறங்கி ஒரு பாத்தி நின்று, சோற்றுத் தட்டோடு போகிறவர் காலில் இடறும். லாரியும் இரண்டு நாள் வர வேண்டும்.

நாள் இருந்தால் இதையே செய்யுங்கள்.

28 மார்ச், இரவு 8.45

ஏப்ரல் 6 சனிக்கிழமை ஒரு நாள்தான் ஆள் சேரும், அடுத்த வாரம் நோன்புப் பெருநாள், லாரி கிடைக்காது என்கிறீர்கள். சரி. அப்படியென்றால் ஒரே நாள் வார்ப்பு, மூன்று பாத்தி, பிடுங்கும் கம்பி. ஏப்ரல் 6இலிருந்து 23க்கு 17 நாள் இருக்கிறது. பந்திக்குத் தாங்கும். அண்டாவுக்கு அடுப்பு மட்டும் வெளியே மண்ணில் மூட்டுங்கள். தீ நேராகப் பட்டால் எந்தக் கான்கிரீட்டும் வெடித்துச் செதில் செதிலாகப் பெயரும், ஈரம் வற்றாத புதுத் தரை இன்னும் சீக்கிரம் பெயரும்.

ஒன்றை மறக்காதீர்கள். லாரி ஓட்டுபவரும் ஆட்களில் சிலரும் நோன்பில் இருப்பார்கள். வெயில் ஏறியபின் அவர்களைப் போட்டு வாட்டக் கூடாது. அந்த மாதத்தில் பிற்பகல் மழையும் இடியும் வழக்கம்தான், கூரை இருந்தாலும் சாரல் அடிக்கும். விடிந்ததும் தொடங்கி 11 மணிக்குள் முடியுங்கள்.

30 மார்ச், காலை 10.00

பதினாறு கம்பி போதும், பிடுங்கிப் பிடுங்கி நடலாம் என்று 25ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். 32ஐயும் செய்யுங்கள்.

இரும்பு மிச்சமாகும் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் ஒரே கம்பி இரண்டு இடத்தில் நின்றால் எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று எவருக்கும் தெரியாது. ஆயாக் கொட்டகையில் எனக்கு எண்ணிக்கை தெரிந்திருந்தது, தெரிந்தே விட்டேன். உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். 32ஐயும் முந்திய நாளே நிறுத்திவிட்டால் மட்டமும் நிதானமாகப் பார்க்கலாம்.

எண்ணுவதற்கு ஒரு வழி. ஓரப்பலகையில் 1.2 மீட்டருக்கு ஒரு பென்சில் கோடு போட்டு, அதில் ஓர் ஆணியை அரைகுறையாக அடியுங்கள். வடக்குப் பலகையில் 16, தெற்குப் பலகையில் 16. கம்பி நிற்கும்போது அதற்கு நேரான ஆணியில் சிவப்பு ராபியாக் கயிறு (பிளாஸ்டிக் கட்டுக் கயிறு) ஒன்றை முடியுங்கள். கம்பியைப் பிடுங்கித் துளையை நிரப்பிய பிறகுதான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். கடைசியில் பலகையில் முடிச்சே இருக்கக் கூடாது. இந்த வேலையை ஒரே ஆளிடம் கொடுங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். கோயில் கணக்குப் பார்க்கும் அம்மா ஒருவர் இருப்பதாகச் சொன்னீர்களே, அவரே பொருத்தம்.

1 ஏப்ரல், இரவு 7.30

படம் பார்த்தேன். கல்லெல்லாம் அழகாக வந்திருக்கிறது. ஆனால் பையன்கள் வெறுங்காலோடு கலவை மிதிக்கிறார்கள். வேண்டாம், தம்பி. சிமெண்டு நீர் கடுமையான காரம். அப்போது எரியாது, இரவில் தோல் உரியும். ரப்பர் பூட்ஸ் முழங்கால்வரை. தோட்டத்தில் வேலை செய்தவர் வீட்டில் ஒரு ஜோடி இல்லாமல் இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

2 ஏப்ரல், காலை 6.50

கழுவினால் தண்ணீர் ஓட வேண்டுமே, சரிவு எவ்வளவு என்று கேட்டவருக்கு: 150க்கு 1 போதும். 9 மீட்டருக்கு 60 மில்லிமீட்டர். வடக்குப் பலகை உயரம், முதல் குழாய் வரிசை 20 இறக்கம், இரண்டாவது 40, தெற்குப் பலகை 60. மரை போட்ட பிடி இருப்பதால் இது தலைவலியே இல்லை. மட்டக்குழாயில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், குழாய்க்குள் காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: மண் தளமும் அதே சரிவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தெற்குப் பக்கம் தரையின் கனம் பாதியாகிவிடும்.

3 ஏப்ரல், இரவு 10.15

வீட்டு மாடித் தளத்துக்குக் கொடுத்த முட்டுகளை எத்தனை நாளில் எடுக்கலாம் என்று ஒருவர் இங்கேயே கேட்டிருக்கிறார். ஐயா, அது வேறு வேலை. இங்கே நாம் பேசுவது மண்ணின் மேல் கிடக்கும் தரை, கம்பி அளவு காட்டத்தான் நிற்கிறது. அதை அரை மணி நேரத்தில் எடுக்காவிட்டால் தவறு. மாடித் தளத்தில் முட்டுதான் சுமையையே தாங்குகிறது. ஒரு கனமீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ. 125 மில்லிமீட்டர் தளமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ உங்கள் தலைக்கு மேல் நிற்கிறது. அதைச் சீக்கிரம் எடுத்தால் உயிர் போகும். அந்த நாட்கணக்கைத் தளத்தைக் கணக்கிட்ட பொறியாளர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

6 ஏப்ரல், இரவு 11.40

வார்ப்பு முடிந்தது. நானும் போயிருந்தேன். கை இன்னும் நடுங்குகிறது, ஆனாலும் எழுதிவிட்டே படுக்க வேண்டும்.

முதல் லாரி 7.35க்கு வந்தது. மூன்று லாரிகளில் 22 கனமீட்டர். கணக்குப்படி 20 சொச்சம்தான், மீதியை மேடுபள்ளம் குடித்துவிட்டது. கிழக்குக் கோடியில் தொடங்கி மூன்று பாத்திகளையும் ஒன்றாகப் பின்னால் கொண்டுவந்தோம். கம்பியைச் சுற்றி முதலில் இரண்டு பக்கமும் சமமாக மண்வெட்டியால் போட்டுவிட்டு, பிறகுதான் பாத்தியை நிரப்பினோம். ஒரே பக்கம் குவித்தால் கம்பி சாயும்.

மட்டப்பலகை காதில் சவாரி செய்தது பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அறுத்து அறுத்து இழுக்கும்போது குழாயில் காது உரசும் சத்தம், பின்னால் மினுமினுவென்று ஈரத் தரை. ஒரு குழாய் நீளம், அதாவது 6 மீட்டர், முடிந்ததும் குழாயைத் தூக்கிவிடுவோம். பூட்ஸ் போட்ட ஒருவர் உள்ளே இறங்கி, கம்பியை முதலில் திருகுவார், பிறகு நேராக மேலே இழுப்பார். சேற்றிலிருந்து கால் எடுப்பது போல ஒரு சத்தம் வரும். துளையின் வாய் தானாகவே பாதி மூடிக்கொள்ளும். பெரிய சல்லியை ஒதுக்கிய கலவையை ஒரு கைப்பிடி வைத்து, கம்பித் துண்டால் நாலு குத்துக் குத்தி, மணியாசுக் கட்டையால் தேய்த்தால் இடம் தெரியாது. தன் பூட்ஸ் தடத்தையும் நிரப்பிக்கொண்டே அவர் பின்னால் வர வேண்டும்.

10.20க்கு எல்லாம் முடிந்தது என்று பையன்கள் கை கழுவப் போனார்கள். கணக்கு அம்மா மட்டும் நகரவில்லை. "தெற்குப் பக்கம் பதினொன்றில் முடிச்சு இருக்கிறது, ஐயா" என்றார். வாளியிலிருந்த கம்பிகளை எண்ணினோம். 31.

சக்கர வண்டி ஒன்று இடித்துப் பிடி கழன்றிருக்கிறது, வளைந்த கம்பியின் தலை கான்கிரீட்டுக்குள் அமுங்கிவிட்டது. குழாயைத் தூக்கியவர் கம்பி ஏற்கெனவே பிடுங்கப்பட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறார். இருக்கட்டுமே, இது மரமில்லையே, இரும்புதானே என்றார் குத்தகைக்காரர். மனிதர் களைத்துப்போயிருந்தார், எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஆனால் அது மேல்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே நிற்கும் இரும்பு. தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவப்போகும் தரையில் அது துருப்பிடிக்கும், ஊதும், மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும்.

வடக்கு, தெற்குப் பலகைகளின் பதினொன்றாம் ஆணிகளுக்குக் குறுக்கே நூல் பிடித்தோம். தெற்குப் பலகையிலிருந்து 3 மீட்டர் அளந்தோம். நீட்டு ஆணி ஒன்றால் நான் குத்திப் பார்த்தேன். முதல் குத்தில் சல்லி. இரண்டாவதிலும் சல்லி. நான்காவது குத்தில் 'டங்' என்றது. கான்கிரீட்டில் கட்டைவிரல் தடம் பதியும் பதம்தான் அப்போது இருந்தது. கரண்டியால் உள்ளங்கை அளவு தோண்டி, பைப் ரென்ச்சால் பிடித்துத் திருகினோம். ஒரு தடவை முனகியது. பிறகு வந்தது, வில் போல வளைந்து. குழியை நிரப்பிக் குத்தி, தேய்த்து முடித்தபோது 11.05.

அம்மா முடிச்சை அவிழ்த்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். முப்பத்திரண்டு கயிறும் அவரிடம்தான் இருக்கிறது.

இரவு 8 மணிக்கு, நோன்பு திறந்துவிட்டு வந்த ஆள் தரையை வெட்டினார். 3 மீட்டருக்கு 3 மீட்டர் சதுரங்கள், மொத்தம் 18. வெட்டு ஆழம் 32 மில்லிமீட்டர், கனத்தில் கால் பங்கு. இதை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டிருந்தால் தரை தன் விருப்பப்படி வெடித்துக்கொண்டிருக்கும்.

7 ஏப்ரல், காலை 9.10

இரவு களைப்பில் விட்டுப்போனது. என் திட்டத்தில் ஒரு பிழை இருந்தது, வெட்டும்போதுதான் தெரிந்தது. கம்பிகளை 3 மீட்டர் கோட்டிலேயே நிறுத்தச் சொன்னேன். வெட்டும் அதே 3 மீட்டர் கோட்டில்தான் ஓடுகிறது. அதனால் நிரப்பிய துளைகள் ஒவ்வொன்றையும் ரம்பம் நடுவில் பிளந்துகொண்டு போனது. இருபத்தெட்டு இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. நான்கு இடத்தில் விளிம்பு மிளகளவு உதிர்ந்தது, பதினொன்றாம் எண் இடமும் அதில் ஒன்று.

அடுத்து செய்பவர்கள் குழாய் வரிசையை வெட்டுக் கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒரு பாத்தி 3.2 ஆகும், இன்னொன்று 2.8 ஆகும், மட்டப்பலகைக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

கோணிச் சாக்கு நனைத்துப் போட்டிருக்கிறார்கள். ஏழு நாள் காயவிடாதீர்கள். கூரை நிழல் இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம், காற்று உறிஞ்சிக்கொண்டு போகும்.

13 ஏப்ரல், இரவு 8.00

ஏழு நாள் ஆயிற்று, சாக்கை எடுக்கலாம். கொட்டிவைத்த அரிசி மூட்டையை நடுவில் இழுத்துப் போகாதீர்கள், தூக்கிப் போங்கள். புத்தாண்டு வாழ்த்துகள்.

25 ஏப்ரல், மாலை 5.30

சித்ரா பௌர்ணமிப் பந்திக்குப் போய்வந்தேன். சாம்பார் சிந்தியதைக் கழுவிவிட்டார்கள், தண்ணீர் தெற்கு வாய்க்காலுக்குத் தானாக ஓடியது, எங்கும் நிற்கவில்லை. 3 மீட்டர் சட்டத்தைப் பத்து இடத்தில் வைத்துப் பார்த்தேன். மிக மோசமான இடத்தில் அடியில் 3 மில்லிமீட்டர் இடைவெளி. வெட்டுக் கோடுகளுக்குக் கீழே வெடிப்பு இறங்கியிருக்கிறது, அதற்காகத்தான் வெட்டியது. கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழைகூட இல்லை. பதினொன்றாம் எண் இடத்தில் உள்ளங்கை அளவு கொஞ்சம் கறுத்துத் தெரிகிறது. பின்னால் நிரப்பிய கலவை அல்லவா, நிறம் ஒத்துவரவில்லை. அந்த இடத்தில் ஒரு சிறுமி உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள்.

குத்தகைக்காரர் அடுத்த வேலைக்குக் கம்பிகளைக் கேட்டிருக்கிறார். கோல கங்சார் சாலையில் கோயில் ஒன்றுக்கு வாகனக் கொட்டகைத் தரை, 7 மீட்டர் அகலம். கம்பிகள் இப்போது என் வீட்டுக் கொட்டகையில் இருக்கின்றன. வளைந்ததை நேராக்கவில்லை, புதிதாக ஒன்று வெட்டி மரை போட்டுவிட்டேன். பிடிகளில் இரண்டுக்குப் பற்றவைப்பு விட்டிருக்கிறது, நாளைக்குச் சரியாகிவிடும். ஞாயிறு காலை வந்து எடுத்துக்கொள்ளலாம், 32 இருக்கும், வாங்கும்போது எண்ணி வாங்குங்கள். ராபியாக் கயிறு பசாரில் வாங்கிக்கொள்ளுங்கள், பழையதைக் கணக்கு அம்மா தரமாட்டார்.